கப்பக்காவின் மாவுக் கணக்கு

கப்பக்கா மாவைக் கரண்டியால் அள்ளி, கப்புக்குள் பூத்தூவுவதுபோல் உதிர்க்கிறார். தட்டுவதில்லை, அமுக்குவதில்லை. கோபுரமாய் நிமிர்ந்ததும் கத்தியின் முதுகால் ஒரே இழுப்பு. "இதுதான் நூத்தி இருபத்தஞ்சு கிராம். தட்டினா நூத்தி அம்பதைத் தாண்டிரும். மாவு இருக்கே, சரியான புளுகுணி. சர்க்கரை அப்படி இல்ல. குலுக்கினாலும் சொன்ன சொல் மாறாது."

பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தள வீடு. கிராமில் எழுதிய செய்முறையோடு யார் தவித்தாலும் அவர் கதவைத்தான் தட்டுவோம். கிராமைக் கப்பாக மாற்றிச் சொல்லிவிடுவார், அதனால் கப்பக்கா. சொந்தப் பெயர் கணவருக்கே மறந்திருக்கும். கணவர் ஒருமுறை தராசு வாங்கித் தருவதாகச் சொல்ல, "முதல்ல உங்களை ஏத்திப் பாப்போமா?" என்றாராம் கப்பக்கா. பேச்சு அதோடு முடிந்தது. கடையில் ஓட்ஸ் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்குவார்: "கப்புக்குத் தொண்ணூறுதான், பஞ்சு." தேன் பாட்டிலைத் தூக்கினால் முகத்தில் மரியாதை வந்துவிடும்: "முன்னூத்தி நாப்பது. கனமான ஆளு."

போன சனிக்கிழமை, கப்பக்கா வீட்டில் என் முறைக்காக நான் காத்திருந்தபோது மாடிவீட்டு முடிதிருத்துநர் வந்தார். கையிலிருந்த தட்டில் நடுவே குழிவிழுந்து, வெண்ணெய் கசிந்தபடி ஏதோ ஒன்று. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளோடு இத்தனை நாளாய் முகம் கொடுத்துப் பேசாதவர். அன்று சாயங்காலம் அவள் வருகிறாள்.

"இருநூத்தம்பது கிராம் மாவுன்னு போட்டிருந்துச்சு. அளவு ஜக்குல இருநூத்தம்பது கோடு வரைக்கும் சரியாத்தானே கொட்டினேன்?"

கப்பக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த டீ பொங்கி வழிந்தது. "அண்ணே, அது தண்ணிக்குப் போட்ட கோடு! மாவு பாதிதான் விழுந்திருக்கு. கேக் செய்யச் சொன்னா குளம் வெட்டியிருக்கீங்க!"

அவர் சிரிக்கவில்லை. "நான்தான் வான்னு கூப்பிட்டேன். வந்து இதைப் பார்த்தா..." தட்டை மேசையில் வைத்தார்.

கப்பக்கா அடுப்பை அணைத்தார். காலை ட்ரிப் முடித்து வந்த சீருடையைக்கூட மாற்றாமல் மாவு டப்பாவை இழுத்தார். "மாவு ரெண்டு கப். சர்க்கரை இருநூறு கிராம், அது ஒரே கப். வெண்ணெய் முக்கால் கப்புக்கு மேல துளி. நான் அள்ளமாட்டேன். பெத்தவர் நீங்க, நீங்கதான் அள்ளணும்."

முதல் கப்பில் பாதி மேசையில் கொட்டியது. அடுத்ததில் கத்தரி பிடித்துப் பழகிய கை வழிக்கு வந்தது. கத்தி முதுகை அவர் இழுத்த நேர்த்தியைப் பார்த்து, "அட, கிருதா எடுத்த மாதிரி!" என்று கப்பக்கா கைதட்டினார். இப்போது அவரும் சிரித்துவிட்டார். கலவையைப் பச்சைக் குழந்தைபோல் ஏந்தி மாடியேறினார். நான் என் கணக்கை மறந்து அங்கேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது மாடியில் ஒரே சிரிப்புச் சத்தம். சற்று நேரத்தில் மகளே தட்டோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, எங்கப்பா தன் கையால செஞ்சாராம்! நம்பவே முடியல. சாப்பிட்டுப் பாருங்களேன்."

கப்பக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை அகல விரித்தார். "உங்கப்பாவா? அளவெல்லாம் எப்படிம்மா தெரிஞ்சுது அவருக்கு?"

கேட்டுக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, மாவு இறைந்துகிடந்த சமையலறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.