மீன் போடாத கூழ்

ஓராண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணாவின் ஒரே தங்கையாகிய நான் எழுதுவது. இப்படியான மலர்களில் ஒருவருடைய நல்ல குணங்களை எழுதுவார்கள். அண்ணாவிடம் அவை நிறையவே இருந்தன. பழகியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகள் எங்கள் வீட்டு இராச்சாப்பாட்டுக்குள்ளேதான் கழிந்தன. அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையை எழுதியது போலாகிவிடும்.

அண்ணா பிறந்தது பள்ளிமுனைக் கரையில். நான் கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பம் போருக்குப் பயந்து இரவோடிரவாகப் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனது. அங்கே முகாமில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்பது அண்ணாவின் வேலையாக இருந்தது. "கையை நீட்டிக்கொண்டு நிண்டு நிண்டே நான் வளந்தனான்" என்று பின்னாளில் சொல்லுவார். ஊர் திரும்பிய பிறகு அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணா ஒரு சம்மாட்டியாரின் படகில் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். அந்தப் படகில் நான்கு பேர். படகின் சொந்தக்காரரான சம்மாட்டியாரும் அதில் ஒருவர். அந்த உழைப்பில்தான் நான் படித்தேன், கந்தோரில் எழுத்து வேலைக்கும் போனேன். அண்ணியைக் கைப்பிடித்ததும் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. நானும் அவர்களோடேயே இருந்துவிட்டேன்.

ஒருநாள் படகைக் கரையேற்றும்போது அண்ணா வழுக்கி விழுந்தார். படகின் விளிம்பு அவருடைய இடுப்பெலும்பில் ஏறி நின்றது. ஆசுபத்திரியில் இருந்து பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். கட்டிலில் இருந்து குசினி அடுப்படிக்கு, குசினியில் இருந்து வாசல் படலைக்கு, அதற்கு அப்பால் அவரால் நடக்க முடியவில்லை. அண்ணி நண்டு பதனிடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அண்ணா ஒருவரே என்பதால் சமையல் அவர் தலையில் விழுந்தது. அவர் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று எழுதினால் அது பொய். "என்னைக் கொண்டுவந்து அடுப்படியில கட்டிப்போட்டாச்சு" என்று முதல் நாளே சொன்னார். கடல் பக்கத்து யன்னலைச் சாத்தச் சொன்னார். யன்னலைச் சாத்தினாலும் படகு எஞ்சின் சத்தம் வரும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் கோயிலால் வந்ததும், பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தல் வாசிப்பதுபோல அண்ணா கதிரையில் உட்கார்ந்தபடி அந்த வாரத்தைச் சொல்லுவார். "திங்கள் இடியப்பமும் சொதியும். செவ்வாய் மரவள்ளி. புதன் உனக்கு வேலை முடியப் பிந்தும், கடைப் பாணும் பருப்பும்" என்று அண்ணியைப் பார்த்துச் சொல்லுவார். வெள்ளிக்கிழமை ரொட்டியும் கட்டைச் சம்பலும். சனிக்கிழமை மட்டும் ஒரு துண்டு கருவாடு. ஞாயிறு இரவுக்கு முட்டைக் குழம்பு; ஆளுக்குப் பாதி முட்டை. எல்லாம் யோசித்து வைத்த யோசனை. மரவள்ளி அவிகிற பானைக்கு மேலேயே அடுத்த வேளைக்கான புட்டு ஓலை நீத்துப்பெட்டியில் வேகும். தேங்காயின் ஒரு பாதி சம்பலுக்கு. மறு பாதி உப்புத் தடவி நாளைய சொதிக்கு. முருங்கை மரம் எங்களுடையது, அதைக் கேட்டா பறிக்க வேண்டும் என்பார்.

வியாழன் இரவுதான் பெயர்போனது. அன்று பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ். பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, முருங்கை இலை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் இருக்கும், மீன் இருக்காது. நண்டும் இல்லை, இறாலும் இல்லை. பள்ளிமுனையில் மீன் போடாத கூழ் குடித்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். "அப்பா, இதுக்குப் பேர் கூழ் இல்லை, தவக்காலம்" என்று மூத்தவள் சொல்லுவாள். அண்ணாவுக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டு அடுத்த வியாழனும் அதையேதான் காய்ச்சுவார்.

மீன் எங்கள் படலைக்கு வராமல் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கரைக்கு வந்ததும், மீனை விற்கக் கொடுக்கும் முன்னர், படகில் போனவர்கள் ஆளுக்கு ஒரு பிடி வீட்டுக்கு எடுப்பார்கள். அதற்குக் கறிமீன் என்று பெயர். அண்ணா விழுந்த பிறகும் அவருடைய கறிமீனைச் சம்மாட்டியார் பிளாஸ்டிக் சொப்பின் பையில் போட்டு, சைக்கிளில் கொண்டுவந்து படலையில் நிற்பார். அண்ணா பொல்லை ஊன்றிக்கொண்டு போவார்.

"தம்பி, கறிமீன்."

"ஆள் எடுத்திட்டீங்களோ அண்ணை?"

"இன்னும் இல்லை."

"அப்ப கொண்டு போங்கோ."

சம்மாட்டியார் சைக்கிளைத் திருப்புவார். மறுநாளும் வருவார். விடுமுறை நாட்களில் வீட்டில் நின்று எத்தனையோ தரம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆள் எடுத்தாச்சா என்பதைச் சும்மா ஒரு தொழில் விசாரிப்பு என்றே நினைத்தேன். முகாமில் வரிசையில் நின்ற மனிதர், இனி யாரிடமும் எதையும் வாங்குவதில்லை என்று மனதுக்குள் சபதம் எடுத்துவிட்டார் என்றும் நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதே சம்மாட்டியாரின் கிழிந்த வலைகளை வீட்டில் இருந்தபடியே பின்னிக் கொடுத்துக் கூலி வாங்குவார். மீனை மட்டும் தொடமாட்டார். அவர் வேண்டாம் என்றதை அண்ணி வாங்கமாட்டார். நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போக, மிச்சத்தைக் கடையில் வாங்கவும் எங்களுக்குக் கட்டாது. அவருடைய பிடிவாதத்துக்குள் நாங்கள் எல்லோரும் அடைபட்டுக் கிடந்தோம். ஞாயிறு மத்தியானம் அவர் வாயைத் திறக்கும்போதே எனக்கு மூச்சு முட்டும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அவர் பிச்சையோ போடுறார்? பிள்ளையளைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ அண்ணா."

"நீ கந்தோரைப் பார். இது கரைக் கதை" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மூத்தவள் ஒருமுறை சிநேகிதி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். கையைக் கழுவியும் மணம் போகவில்லை. அண்ணா கண்டுகொண்டார்.

"நல்லாச் சாப்பிட்டியா?"

"ஓம் அப்பா."

"என்ன மீன்?"

"விளைமீன்."

அண்ணா அரைத் தேசிக்காயைப் பிழிந்து அவளுடைய கையில் தேய்த்துக் கழுவிவிட்டார். அன்று இரவு ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகளெல்லாம் கரையில் கிடந்த மாதங்களில் ஊரே தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தது. அண்ணா மட்டும் அப்போது நிம்மதியாக இருந்தார். சாப்பாட்டுக்குப் பெரும் பாடுதான். எரிவாயு இல்லை, கோதுமை மா இல்லை, ஞாயிறு சொன்ன வாரத்தைப் புதன்கிழமையே மாற்ற வேண்டி வந்தது. ஆனாலும் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விறகை ஊதிக்கொண்டிருப்பார். படலையில் யாரும் வந்து நிற்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. படகுகள் திரும்பவும் ஓடத் தொடங்கியதும் சம்மாட்டியார் வந்தார். அண்ணாவின் பாட்டும் நின்றுபோனது.

கடைசியில் படுக்கைப்புண்ணும் காய்ச்சலுமாக ஆசுபத்திரியில் கிடந்தார். ஞாயிறு பின்னேரம் நாங்கள் கட்டிலைச் சுற்றி நிற்க, அந்த நிலையிலும் வாரத்தைச் சொன்னார். "வியாழன் கூழ்" என்று சொல்லிவிட்டுக் களைத்துப்போனார். வெள்ளிக்கிழமைக்கு என்ன என்று சொல்லவேயில்லை. சுவாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அதற்குப் பிறகு அண்ணா கண் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து, சாப்பாடு கொண்டுவந்து தந்த அயலவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போன பிறகு, அண்ணியும் நானும் அடுப்பை மூட்டினோம். திங்கள் இடியப்பம், செவ்வாய் மரவள்ளி, புதன் பாண். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேறொன்று சமைக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவும் இல்லை. ஆள் போன பிறகும் அவருடைய ஏழு நாளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அவரைத் தேடவும் செய்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடுத்த நாள் சம்மாட்டியார் படலைக்கு வந்தார். கையில் வழக்கமான சொப்பின் பை. நல்லகாலம், அன்று நான் வீட்டில் நின்றேன்.

"தங்கச்சி, ஒண்டு கேக்க வந்தனான்" என்று அண்ணியிடம் சொன்னார். "தம்பியின்ர இடத்துக்கு ஒரு ஆளை எடுக்கலாமோ?"

எனக்கு விளங்கவில்லை. "இவ்வளவு காலமும் எடுக்கேல்லையோ?" என்று நான்தான் கேட்டேன்.

"எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது? ஆளை எடுத்தா, அவர் இனி வரமாட்டார் எண்டு நாங்களே சொன்ன மாதிரி. இடம் இருக்கும் மட்டும் அவரின்ர வீட்டுக்குக் கறிமீன் போகவேணும். வாங்கினா இடம் அவருக்கு. வேண்டாம் எண்டா, விட்டிட்டன், வேற ஆளை எடுங்கோ எண்டு அர்த்தம். அவர் நாளுக்கு நாள் விட்டிட்டன் எண்டார். நாங்கள் நாளுக்கு நாள் இல்லையெண்டு கொண்டுவந்தம். நாலு பேர் இழுக்கிற வலையை மூண்டு பேராத்தான் இழுத்தம்."

முகாமும் இல்லை, வரிசையும் இல்லை. தனக்காக மூன்று பேர் இடுப்பொடிய வலை இழுக்கிறார்கள் என்று அண்ணாவுக்குத் தெரியும். அவர்களைத் தன்னிடம் இருந்து விடுவிக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழி. அந்த மீனை வாங்காமல் விடுவது. வாங்காமல் விட்டால் பிள்ளைகளுக்கு இரவில் என்ன கொடுப்பது என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் கதிரையில் இருந்து யோசித்தார். ஒரு பிடி மீனை வாங்கியிருந்தால், ஒருநாள் கடலுக்குப் போகலாம் என்ற ஆசை அவருக்கும் மிச்சம் இருந்திருக்கும். அதையும் அவர் நாள்தோறும் தன் கையாலேயே திருப்பி அனுப்பினார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்றுவரை இருக்கிறது.

அண்ணி ஓம் என்று சொன்னால் அண்ணா இனி வரமாட்டார் என்பதை அவரே சொன்னதாகிவிடும். சம்மாட்டியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஆளை எடுங்கோ அண்ணை" என்றார். பிறகு கையை நீட்டினார். "மீனைத் தந்திட்டுப் போங்கோ."

அண்ணாவின் கணக்கில் அன்று இடியப்பம். அண்ணி அந்த மீனைச் சொதியில் போட்டார். இளையவளுக்கு முள் எடுக்கத் தெரியவில்லை. பள்ளிமுனையில் பிறந்த பிள்ளை, தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அண்ணி ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஊட்டிவிட்டார். நாங்கள் அழுதுகொண்டே சாப்பிட்டோம், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அண்ணாவின் நோயில் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடைசி நேரத்தில் வந்த சுவாமியாருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், அண்ணியின் வேலைநாட்களைத் தங்கள் நாட்களோடு மாற்றிக்கொடுத்த சிநேகிதிகளுக்கும், துக்க நாட்களில் எங்களை அடுப்பு மூட்டவிடாத அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. சம்மாட்டியாருக்கும் அவரோடு வலை இழுத்த இரண்டு பேருக்கும் எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாவின் இடத்தில் இப்போது நிற்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை: உங்கள் கறிமீனை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கோ.

இன்று வியாழக்கிழமை. பூசை முடிந்ததும் எல்லோரும் அப்படியே வீட்டுக்கு வாருங்கள். கூழ் காய்ச்சியிருக்கிறோம். மீன் போட்ட கூழ்.