அரைப்படி பலகையை விட்டு இறங்கிய கதை

கிச்கிச் மாமாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவருடைய கத்தரிக்கோல். முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். கடையில் யாராவது கதை சொன்னால் வேகம் பிடிக்கும். பச்சைப் பொய் என்றால் சட்டென்று நின்றுவிடும். அந்தச் சத்தம் நின்றே தெருவில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள்.

கடைக்கு ஒரே ஒரு நாற்காலி. அதன் திருகு துருப்பிடித்து, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால் சின்னப் பயல்களுக்குக் கைப்பிடிகள் மேல் குறுக்கே ஒரு பலகை. பலகையில் உட்கார்ந்தால் குழந்தை, சீட்டில் உட்கார்ந்தால் ஆள். சட்டம் அவ்வளவுதான்.

அரைப்படிக்கு வயது பத்து. உயரம் மட்டும் ஏழிலேயே தூங்கிப்போனது. அவன் தம்பியோ கிடுகிடுவென்று வளர்ந்து, போன தடவையே சீட்டுக்குப் போய்விட்டான். இன்றும் பலகை என்றால் பள்ளிக்கூடம் முழுக்க நாறிவிடும். தம்பியின் வாய் அப்படி.

பெஞ்சு நிறைய ஆட்கள். மாமா துண்டை உதறினார். அரைப்படி மூலையில் கிடந்த பலகையை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"மாமா, அண்ணனுக்குப் பலகைய எடுத்துப் போடுங்க!" என்று தம்பி கத்தினான்.

"பலகையில ஆணி கிளம்பிடுச்சுப்பா. பின்னாடி குத்தினா யாரு பதில் சொல்றது? சீட்லயே உக்காருங்க, துரை."

சொல்லும்போது மாமாவின் கத்தரிக்கோல் நின்றிருந்தது. அரைப்படி எங்கே அதைக் கவனித்தான்? ஒரே தாவு! கண்ணாடியில் உச்சிமுடி மட்டும் புல்கட்டு மாதிரி எட்டிப் பார்த்தது.

"மாமா, நான் தெரியறேனா?"

"பெரிய ஆளுங்கன்னா சட்டுனு கண்ணுல பட மாட்டாங்கடா."

பெஞ்சு கொல்லென்று சிரித்தது. மாமாவுக்கு இடுப்பு வளையாது. "யப்பா" என்றபடி தரையில் மண்டியிட்டார். ஒரு முட்டி மடங்க மறுத்தது. அதைத் திட்டியே மடக்கினார். நாற்காலியைச் சுற்றி முட்டியாலேயே நகர்ந்து, அண்ணாந்து அண்ணாந்து வெட்டினார்.

தம்பி மெல்ல எழுந்துபோய் மூலையில் கிடந்த பலகையைத் தடவினான். வழவழவென்றிருந்தது. திருப்பித் தடவினான். ஆணியாவது ஒன்றாவது! வாயைத் திறந்தவன், மண்டியிட்டிருந்த மாமாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

வீட்டு வாசலிலேயே அம்மா தலையில் கைவைத்தாள். கிராப்பு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"ஐயையோ, யாருடா இப்படிக் கொதறி வச்சது?"

அரைப்படி வாய் திறப்பதற்குள் தம்பி தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்: "அண்ணன் சீட்ல உக்காந்து வெட்டிக்கிட்டாம்மா! பலகையே வேண்டாம்னுட்டான்!"