சேமித்தாயிற்று என்று காட்டிய திரை

ஸ்டெல்லாவின் மூன்று வார உழைப்பை அழித்தவன் நான்தான். தவறுதலாக அல்ல... தெரிந்தே!

எண்பதுகளின் பிற்பகுதி. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. எட்டுக் கணினிகள். எல்லாருடைய வரைபடங்களும் சர்வர் என்கிற ஒரே பொதுக் கணினியில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால் எட்டுத் திரைகளும் அப்படியே உறைந்துவிடும். ஆனால் அந்த உறைவுதான் பாதுகாப்பு! சர்வர் எழும்வரை ஒவ்வொரு கணினியும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதி முடிக்கும். ஒரு கோடுகூடத் தொலையாது.

ஸ்டெல்லா எங்கள் வரைவாளர். ஒரு கூட்டத்தில், சர்வர் அடிக்கடி விழுவதற்கு என் அலட்சியமே காரணம் என்று எல்லார் முன்னிலையிலும் முதலாளி டானிடம் சொல்லிவிட்டாள். அது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்கு எரிந்தது!

மறுநாள், அவள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் கணினியின் அமைப்பை மட்டும் மாற்றினேன். இனி அது காத்திருக்காது. சில முறை கேட்கும். பதில் வராவிட்டால் கைவிட்டு, எழுத முடியவில்லை என்று வரைபட மென்பொருளிடம் சொல்லும். எங்கள் மென்பொருளோ அதைக் காதில் வாங்காது. வரைந்தது சர்வருக்குப் போய்ச் சேராதபோதும், சேமித்தாயிற்று என்றே திரையில் காட்டும். இதை நான் முன்பே அறிவேன். நான் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா?

அந்த வாரங்களில் சர்வர் பல முறை விழுந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தபடி கோப்பி குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தாள்.

"என் மெஷின் மட்டும் நிக்கவே இல்ல அண்ணே! என்ன செஞ்சீங்க? தேங்க்ஸ் லா!"

நான் சிரித்தேன்... ஆம், சிரித்தேன்!

ஒரு பள்ளிக் கட்டடத்திற்கான வரைபடங்கள் அவை. முடித்த தாள்களை அவள் மறுபடி திறந்து பார்க்கவில்லை. ஒப்படைக்கும் நாளன்று திறந்தபோது பாதித் தாள்கள் பாழாகியிருந்தன. தினமும் பிரதி எடுத்து வைத்த காந்த நாடாவிலும் அதே பாழ்தான். அவளைத் தேற்ற எல்லாரும் வெளியே கூடியிருந்த நேரத்தில், நான் அவள் இடத்தில் அமர்ந்து அமைப்பைப் பழையபடி மாற்றினேன்.

டான் என்னை அழைத்து, கணினி இப்படிச் செய்யுமா என்று கேட்டார். செய்யாது, சேமிக்க மறந்திருப்பாள் என்றேன்.

"நான் சேவ் பண்ணேன் அண்ணே! ஒவ்வொரு தடவையும் பண்ணேன். நீங்களாவது சொல்லுங்க!"

நான் தரையைப் பார்த்தேன். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஓராண்டு கழித்து, ஒரு ஞாயிறு முற்பகல், தேவாலயத்திலிருந்து வந்துகொண்டிருந்தவளைச் சிராங்கூன் சாலையில் எதிரே கண்டேன். விலகிப் போக நினைத்தேன். அவளே அருகில் வந்தாள். மெலிந்திருந்தாள். வேறெங்கும் வரைபட வேலைக்குப் போகவில்லையாம்.

"நான்தான் மறந்திருக்கேன் அண்ணே. அப்போ உங்ககிட்ட கத்திட்டேன், மன்னிச்சிடுங்க. இப்பல்லாம் வீட்ட பூட்டிட்டு மூணு தடவ திரும்பி வந்து இழுத்துப் பாக்குறேன். என்னையே நான் நம்புறதில்ல."

அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. வாயைத் திறந்தால் போதும்... அவளுடைய நினைவை அவளுக்கே திருப்பித் தந்திருக்கலாம்!

"பரவால்ல ஸ்டெல்லா," என்றேன். "நான் அதெல்லாம் மனசுல வெச்சுக்கல."

அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.