திருச்சியிலிருந்து மதுரைக்கு அரை மணி

எண்பதுகளின் தொடக்கம். அப்போது எனக்குத் திருச்சியில் வேலை. எழுமலையில் தங்கை பேச்சியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். புதன்கிழமை என்பதால் பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதற்குள் முடிந்தாக வேண்டும்.

திருச்சிக்கும் மதுரைக்கும் வான்வழியில் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், அரை மணி நேரம். பஸ்ஸில் மூன்றரை மணி. "மாமன் பிளேன்ல வாரான்" என்று பேச்சி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் அந்த வீறாப்பு பிடித்திருந்தது. ஒரு டிக்கெட்டுக்குத்தான் மனம் துணிந்தது. சீர்த்தட்டுகளோடும் கூடையில் சேவலோடும் என் மனைவி செல்லம் காலை நாலரை பஸ்ஸில் புறப்பட்டாள். தங்கக் கடுக்கனை மட்டும் நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஏழே காலுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஒன்பதே காலுக்குத்தான் கிளம்பியது. இரண்டு மணி நேரம் சட்டைப்பையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஏறியதும் கவலை கொஞ்சம் விட்டது. இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம். கொடுத்த மிட்டாய் கரைவதற்குள் துவரங்குறிச்சி மலைகள் வந்துவிட்டன. கீழே கண்மாய்கள் வெயிலில் மின்னின. சாலையில் ஏதாவது பஸ் தெரிகிறதா என்று தேடினேன். செல்லம் எப்போதோ மதுரையைத் தாண்டியிருப்பாள் என்று தெரிந்தும் தேடினேன். யானைமலை சாய்ந்து நகர்ந்தது. ஒன்பதே முக்காலுக்கு விமானம் தரையிறங்கியது.

வெளியே ஒரு அம்பாசடர் நின்றது. விஷயத்தைச் சொன்னேன்.

"எழுமலையா? அறுபது கிலோமீட்டர் வரும்ணே. பன்னெண்டுக்குள்ளயா?" டிரைவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "தாய்மாமன் இல்லாம எப்படிண்ணே குத்துவாக? ஏறுங்க."

திருமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போக இருபது நிமிடம் ஆயிற்று. டிரைவர் என்னைவிட அதிகம் பதறினார். "இம்புட்டு தூரம் ஆகாசத்துல வந்து, கேட்ல நிக்கிறீகளேண்ணே!"

பதினொன்று ஐம்பதுக்கு எழுமலைக் கோயில் வாசலில் இறங்கினேன். செல்லமும் சேவலும் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். ஒன்றுவிட்ட தம்பி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பேச்சி பிள்ளையை விடவே இல்லை.

"எங்கண்ணன் வரும்னேன்ல!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, பிள்ளையை என் மடியில் போட்டாள். பிறகு அழுதாள். பிள்ளையும் அழுதான். கடுக்கன் ஏறியபோது கோயில் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது. சந்தோஷத்தில் எனக்குப் பசியே தெரியவில்லை. ஆனால் கறிச்சோறு வந்தபோது இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் திருச்சிக்கு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். மேலூர் தாண்டும்போது விமானத்திலிருந்து பார்த்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். செல்லம் காலி கூடையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நேத்து மேலூர்ல பஸ் நின்னுச்சுங்க. நீங்க சொன்ன நேரந்தான். கீழ எறங்கி, சேவலக் கக்கத்துல வச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தேன். பிளேனு வரவே இல்ல. எழுமலையில உங்க மூஞ்சியப் பாக்குற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கலைங்க."

யானைமலைக் கதையை விட்டுவிட்டேன். அடுத்த காதுகுத்துக்குச் சேவல் கூடை என் மடியில் வரும் என்றேன். செல்லம் சிரித்தபடி காலி கூடையை என் பக்கம் தள்ளினாள். திருச்சி வரை அதை நானே வைத்திருந்தேன்.