ஜவ்வரிசி ஆலையில் எடுத்த செல்ஃபி



சின்னசேலம் பக்கத்தில் பல வருடமாக மூடிக்கிடந்த ஜவ்வரிசி ஆலையில் இன்று கலைவிழா. ஜவ்வரிசி காயவைத்த களத்தில் பறையாட்டம், குடோனில் ஓவியக் கண்காட்சி.

மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் பழைய மிஷினுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பூ வரைந்து, ‘இங்கே செல்ஃபி எடுக்கவும்’ என்று பலகை வைத்திருந்தார்கள்.

நானும் போனேன். மிஷின் வாய்க்குள் ஒரு கையை விட்டு, அலறுவதுபோல் போஸ் கொடுத்து ஒரு படம் எடுத்து, உடனே இங்கே முகநூலில் போட்டேன். இன்னொன்று எடுக்க மறுபடியும் கையை விட்டேன்.

“கைய எடும்மா!”

பின்னால் நின்ற பெரியவர் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது இப்ப ஓடாதுங்க” என்றேன்.

“எனக்கு ஓடிச்சிம்மா” என்று சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

சட்டென்று கையை வெளியே இழுத்துக்கொண்டேன். விழா நடத்தும் பெண் ஓடிவந்து, “மன்னிச்சிடுங்கய்யா, தெரியாம வச்சிட்டோம். உடனே இந்த எடத்த மூடிடறோம்” என்றாள்.

“இன்னாத்துக்கு மூடற? இத்தினி வருசம் பூட்டித்தான கெடந்துச்சி? ஜனங்க வரட்டும், ஆடட்டும். இங்க இன்னா நடந்துச்சின்னு எழுதி வையி. என் பேரையும் போடு.”

அவள் செல்ஃபி பலகையைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு அவர் பறையாட்டம் பார்க்கப் போய்விட்டார்.

மதியம் இங்கே நான் போட்ட படத்தை நீக்கிவிட்டேன். அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்ட நண்பர்களே, இதற்கு எந்தப் பொம்மை போடப்போகிறீர்கள்?