கடைசிப் பாகம் ரிஸ்னாவுக்கு

டிலானியின் புத்தகங்களில் சவர்க்கார வாசம் வரும். நம் ஊர்க் கடைகளில் இல்லாத, கொஞ்சம் காரமான வாசம்... அவளுடைய அப்பா கப்பலில் வேலை செய்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் உடுப்புகளுக்கும் சவர்க்காரங்களுக்கும் நடுவில் வைத்து, கொட்டாஞ்சேனை வீட்டுக்கு மங்கா புத்தகங்கள் கொண்டுவருவார். யப்பான் சித்திரக் கதை, ஆங்கிலத்தில்.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்து, அவளுடைய வகுப்பிலேயே படித்துக்கொண்டிருந்தேன். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். அவளுடைய அப்பா யப்பான் வரை போய்வந்துவிடுவார்... என்னுடைய அப்பாவால் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வர முடியவில்லை.

இதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்து அந்த வாசம் வரும்போதெல்லாம் வயிற்றுக்குள் எரியும்.

ஒரே ஒரு ஆறுதல். புதுப் பாகம் வந்தால் அவளுக்கு அடுத்து வாசிப்பவள் நான்தான். வெள்ளிக்கிழமை தருவாள், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். டீச்சர்மார் பறிக்காமல் இருக்க பிரவுன் பேப்பர் உறை போட்டு, லேபிளில் 'கத்தோலிக்க சமயம்' என்று எழுதியிருப்பாள். அதை நான், நெற்றியில் விபூதியோடு, பையில் வைத்துக்கொண்டு திரிவேன்.

ஒருநாள் செக்பொயிண்டில் பையைக் கிளறிய பெண் பொலிஸ் அதைத் திறந்துவிட்டார். உள்ளே வாளும் இரத்தமும்.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டபடியே இடப்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். எனக்குப் பயத்தைவிட அந்தப் பிழைதான் பொறுக்கவில்லை.

"அனித் பெத்தென், மிஸ்" என்றேன். மறுபக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று... அவர் திருப்பிப் பிடித்து நாலு பக்கம் வாசித்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

காணாமல் போன அண்ணனைத் தேடி ஊர் ஊராக நடக்கும் ஒரு வாள்காரியின் கதை அது. அவள் வாய் திறந்து பேசவே மாட்டாள். பன்னிரண்டு பாகங்கள். ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுக்கும்போது டிலானி "எப்பிடி?" என்பாள். அவ்வளவுதான், இண்டர்வல் முழுக்க அதே கதைதான்.

பிறகு ரிஸ்னா வந்தாள். கொம்பனித்தெருப் பிள்ளை, வருஷத்தின் நடுவில் சேர்ந்தவள். டிலானிக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. சிரிக்கச் சிரிக்கக் கதைப்பாள். பழைய பாகங்களை எல்லாம் வாங்கி வாசித்து, அதில் வரும் முகங்களை அப்படியே கொப்பியில் கீறுவாள். எனக்குக் கீற வராது.

கடைசிப் பாகம் வந்த வெள்ளிக்கிழமை, டிலானி அதை அவளிடம் கொடுத்தாள்.

"அவ முதல்ல வாசிக்கட்டும்டி. உனக்கு அடுத்த கிழமை தாறேன்."

"ஓம், பரவாயில்லை."

வாய்தான் சொன்னது.

அடுத்த நாளே காலி வீதி டிவிடி கடைக்குப் போனேன். அந்தக் கதையை யப்பானில் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து கடைக்கார அண்ணாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

"தங்கச்சி, நீங்கள் கேட்ட வாள் படம் வந்திட்டுது. பிரிண்ட் நல்ல கிளியர்."

கிளியர்தான். விக்கை ஒட்டிய இடம்கூட நெற்றியில் தெரிந்தது. பேசாத வாள்காரி படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு பாகங்களாகப் பனியில் நடந்தவள் இரண்டு மணித்தியாலத்தில் ஓடி முடித்தாள். கடைசியில் அண்ணனைக் கண்டு, கட்டிப்பிடித்து அழுகை... பின்னால் ஒரு பாட்டு வேறு.

இதற்கா இவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று எனக்கும் அழுகை வந்தது. ஆனால் இன்னொன்றும் மனதில் ஓடியது. எனக்கு இப்போது முடிவு தெரியும். ரிஸ்னாவுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை இண்டர்வலுக்கு ரிஸ்னா பாதிப் புத்தகம்தான் தாண்டியிருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.

"அண்ணன் உயிரோடதான் இருக்கிறான். கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்திடுவினம்."

ரிஸ்னாவின் கை லஞ்ச் பெட்டியிலேயே நின்றுவிட்டது.

டிலானி என்னைப் பார்த்தாள். "அப்பிடி முடியாதே..." பிறகு, மெதுவாக, "நீ படம் பாத்தியா?"

நான் என் லஞ்ச் பெட்டியை மூடினேன்.

"படத்துல முடிவ மாத்திட்டாங்கன்னு அப்பா சொன்னாருடி. நீ அத நம்பி, இவளுக்குக் கெடுக்கப் பாத்தியா?"

ரிஸ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அல்லாஹ்! நான் பயந்தே போய்ட்டேன் புள்ள. இரு, இன்டைக்கே முடிச்சிட்டு ஒனக்குத் தாரேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொன்னபடியே அடுத்த நாள் தந்தாள். கதையின் முடிவில் அண்ணனும் தங்கையும் ஒரு பாலத்தில் எதிரெதிரே வருகிறார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் கடந்து போகிறார்கள். வசனமே இல்லாத நான்கு பக்கங்கள். அதை யாரிடமாவது கதைக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

திருப்பிக் கொடுத்தேன். டிலானி வாங்கிப் பையில் வைத்தாள். "எப்பிடி?" என்று கேட்கவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடியும் வரை நல்லபடியாகவே பழகினோம்... அவ்வளவுதான்.

இப்போது செக்பொயிண்ட் இருந்த இடத்தில் ஒரு ஜூஸ் கடை. அப்பா நினைத்த நேரத்தில் பஸ் ஏறி வந்துபோகிறார். பன்னிரண்டு பாகங்களையும் என் சம்பளத்தில் வாங்கி, உறை இல்லாமல் அடுக்கியிருக்கிறேன். டிலானி மெல்பேர்னில். ரிஸ்னா இங்கேதான், என்னைப் போல.

போன கிழமை, அந்தக் கதையைத் திரும்பவும் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று ட்ரெய்லர் வந்தது. டிலானி பகிர்ந்திருந்தாள், ரிஸ்னாவை டேக் பண்ணி. கீழே ரிஸ்னா எழுதியிருந்தாள்: "கெதியா பாத்துடு, யாராவது வந்து முடிவ சொல்லிடுவாங்க!" அதற்கு டிலானி வரிசையாகச் சிரிப்பு முகங்கள் போட்டிருந்தாள்.

இந்த முறையும் விக் சரியில்லை என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன்.

என்னைப் பற்றிய பகிடிதான். ஆனால் அது அவர்கள் இரண்டு பேருடைய பகிடி.