நாலாவது பெட்டி

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மலிவான தோட்டாக்களைச் சோதித்தது. நவம்பர், சனிக்கிழமை காலை. மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்ததால் கிளப்பின் சுடுதளத்தில் எல்லா மேசையிலும் பெரிய துப்பாக்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. ஓரத்து மேசையில் அம்மா தன்னுடைய சின்ன பாயிண்ட் டூ டூ துப்பாக்கியை மணல் பையின்மேல் கிடத்திவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தாள். சீராக உருண்டால் சரி. மூக்கு ஆடினால் குண்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

"என்ன வெர்னா, கோலி வெளையாடறியா?" என்றார் பக்கத்து மேசை டுவேன்.

"நீ சுடறதுக்கு இது தேவலாம்."

"உன்னப் பாத்தா மான்கூட நின்னு கை காட்டிட்டுப் போகுது."

"உன்னப் பாத்தாலும் அப்படித்தான் போகுது டுவேன். என்ன, நீ சுட்ட பிறகு போகுது."

பென்சில்வேனியாவின் இந்த மலைப் பக்கத்தில் மான் சுடாதவர்கள் குறைவு. அம்மா சுட மாட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஒருமுறை பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஒரு பெண் மான் வண்டியில் அடிபட்டது. காரணம் அதுதானா என்று நான் கேட்டதில்லை. காகிதத்தை மட்டும் சுட்டாள், வாரம் தவறாமல்.

எங்கள் கிளப்பில் குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைப் போட்டி நடக்கும். அதில் எல்லோரும் ஒரே மலிவுத் தோட்டாவைத்தான் சுட வேண்டும். அதுவும் ஆலையில் ஒரே தடவையில் செய்த ஒரே பேட்சிலிருந்து. முன்பு ஒரு பல் மருத்துவர் விலை கூடிய ஜெர்மன் தோட்டாக்களோடு வந்து எல்லாக் கோப்பையையும் அள்ளிக்கொண்டு போனார். அதற்கப்புறம் வந்த விதி இது. எந்த பேட்ச் என்று தேர்ந்தெடுப்பது அம்மாவின் பொறுப்பு. யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுக்கவில்லை. அவள் செய்தாள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

மலிவுத் தோட்டாவில் ஒரே நிறப் பெட்டி, ஒரே பெயர் என்பதற்கெல்லாம் அர்த்தமில்லை. பேட்ச் எண் மாறினால் வேறு சரக்கு. அதனால் அம்மா கிளைட்டின் இரும்புக்கடைக்குப் போய் இருக்கிற பேட்ச் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி வாங்குவாள். மற்றதை விற்காமல் வைத்திருக்கும்படி கிளைட்டிடம் சொல்லுவாள். சோதித்துவிட்டுப் போய் எது என்று சொன்னால், அந்த பேட்ச் மொத்தமும் கிளப்புக்கு. இந்த வருடம் நாலு பேட்ச்.

ஒவ்வொரு பெட்டியையும் ஆரம்பிக்கும்போது முதல் பத்துப் பன்னிரண்டு தோட்டாவை மண்மேட்டில் வீணாகச் சுட்டாள். குண்டின்மேல் மெழுகு பூசியிருப்பார்கள். பழைய பேட்சின் மெழுகு குழலுக்குள் இருக்கும்வரை புது பேட்ச் தன் குணத்தைக் காட்டாது. பிறகு ஐந்தைந்தாகக் காகிதத்தில். நான் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னேன். ஐந்து துளை சேர்ந்தது ஒரு கூட்டம். அம்மா நல்ல கூட்டங்களைப் பார்ப்பதில்லை. ஐந்து துளையும் எங்கே அதிகமாகச் சிதறியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, கால் டாலர் காசை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள்.

முதல் பெட்டியில் ஒரு தோட்டா வெடிக்கவேயில்லை. இரண்டாவது சத்தத்திலேயே தெரிந்தது, ஒன்று உரக்க, ஒன்று மந்தமாக. மூன்றாவதில் மோசமான கூட்டத்தைக்கூடக் காசு ஏறக்குறைய மூடியது. நாலாவதில் துளைகள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயின. ஒரு குண்டு காகிதத்தின் விளிம்பில். அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இன்னும் ஐந்து. அதே மாதிரி.

"ஸ்கோப்புல பனி படியுதுடி."

துப்பாக்கிமேல் இருந்த ஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அதில் பனி இல்லை.

"ஸ்கோப்ப ஏன் திட்டற வெர்னா? கைதான் தப்பு," என்றார் டுவேன்.

"மூணு பெட்டிக்கு நல்லா இருந்த கை நாலாவதுக்கு மட்டும் கெட்டுப் போச்சா? சரக்கு குப்பைடா." பாதிப் பெட்டியை அப்படியே மூடிப் பையில் போட்டாள். "மூணாவதுதான். திங்கக்கெழம காலையில ஸ்கூல் பஸ்ஸ விட்டுட்டுக் கிளைட்கிட்டப் போய்ச் சொல்லிர்றேன்."

அன்று மதியம் நாங்கள் வறுத்த மீன் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று மருத்துவர் சொன்னார். சில சமயம் ஒருநாள் முன்னாலேயே சின்னதாக ஒன்று வந்துபோகும் என்றார். கை தடுமாறியதா, பார்வை மங்கியதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

சவ அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை சாண்ட்விச், முட்டைக்கோஸ் போட்டு வதக்கிய நூடுல்ஸ். டுவேன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"நா சும்மா சொன்னேன் கார்லா. கைதான் தப்புன்னு. எப்பவும் அப்படித்தான பேசிக்குவோம்."

"தெரியும்."

"அது தோட்டாதான? குப்ப பேட்ச்தான அது?"

"தெரியல."

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் உலோகத்தூளை அழுத்திப் பாகங்கள் செய்யும் ஆலையில் அளவுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் அளவு தவறினால் முதலில் பார்க்க வேண்டியது, தவறு பாகத்திலா, கருவியிலா, கருவியைப் பிடித்த ஆளிடமா என்பது. அதற்கு ஒரே வழி, ஆளை மாற்றி மறுபடி அளப்பது. நாலாவது பெட்டி நன்றாகச் சுட்டால், சனிக்கிழமையே அம்மாவுக்கு அந்தச் சின்னது வந்துவிட்டது. மோசமாகச் சுட்டால், நான் மருத்துவரிடம் சொன்னது சரி.

கிளைட் தொலைபேசியில் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை போட்டி தொடங்குகிறது, நாலு பேட்சையும் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கடை மூடுவதற்குள் எதுவென்று சொன்னால் போதும் என்றார்.

சனிக்கிழமை வேட்டை தொடங்கியது. மலையெல்லாம் வெடிச்சத்தம், சுடுதளத்தில் ஆளில்லை. டுவேன் மட்டும் மானை விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மாவின் துப்பாக்கி, அம்மாவின் மணல் பை, அந்தப் பாதிப் பெட்டி. டுவேன் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டார்.

பத்துப் பன்னிரண்டு தோட்டாவை மண்மேட்டில் விட்டேன். பிறகு காகிதம். நான் அம்மா அளவுக்குச் சுடுபவள் அல்ல; எனக்கு விசையை இழுக்கும்போது மூச்சு நிற்காது.

"சொல்லுங்க."

டுவேன் தொலைநோக்கியை மறுபடி திருகிப் பார்த்தார்.

"டுவேன்."

"ஒண்ணுமேல ஒண்ணா இருக்கு."

இன்னொரு ஐந்து. இன்னொரு ஐந்து. பெட்டி காலியானது. காகிதத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தோம். மோசமான கூட்டத்தைத் தேடி எடுத்துக் காசை வைத்தேன். காசுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. மூன்றாவதைவிட நெருக்கம்.

"அன்னிக்குக் காத்து இருந்திருக்கும்," என்றார் டுவேன்.

"காத்துக் கொடி அசையல."

"குளிரு. குளிருல மெழுகு இறுகிக்கும்."

"இன்னிக்குத்தான் அதிகக் குளிர்."

"நாலாவதா சுட்டா இல்ல? குழல் அழுக்கேறியிருக்கும்."

"அதுக்கப்புறம் தொடைக்கல. அதே அழுக்குலதான் இப்பச் சுட்டேன்."

அவரிடம் இன்னும் சில காரணங்கள் இருந்திருக்கும். தவறிப்போன குண்டுக்குக் காரணம் சொல்லியே வளர்ந்த கிளப் இது. நிறுத்திக்கொண்டார். தரையில் கிடந்த காலித் தோட்டாக்களைக் குனிந்து பொறுக்கினார். நான் பொறுக்குவதாகச் சொன்னேன், கேட்கவில்லை.

"அப்ப என் கண்ணு முன்னாலயே வந்திருக்கு," என்றார் குனிந்தபடியே.

"நம்ம ரெண்டு பேர் கண்ணு முன்னாலயும்."

மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லலாம். சொல்லி மாறுவது ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு இப்போது பதில் தெரியும், அவ்வளவுதான். விரல்கள் விறைத்திருந்தன, கையுறை மாட்டிக்கொண்டேன்.

"கிளைட்கிட்ட எதச் சொல்லப்போற?"

"நாலாவது."

"வெர்னா வேணாம்னாளே, ஏன்னு எல்லாரும் கேப்பாங்க."

"கேப்பாங்க."

"அவ சுட்டது தப்புன்னு ஆயிரும் கார்லா. மூணாவதும் நல்ல சரக்குதான். அவ சொன்னதையே சொல்லிரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்கும் எனக்கும்."

"நம்ம வாயத் தொறக்க மாட்டோம்."

"மோசமான கூட்டத்த வெச்சுத்தான அவ எடுப்பா? மோசமானது இதுல சின்னதா இருக்கு."

டுவேன் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். "அவளே உக்காந்து பேசற மாதிரி இருக்கு போ," என்றார். திட்டுகிற குரலில்தான் சொன்னார்.

கிளைட்டின் கடைக்கு நான் மட்டும் போனேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் காபி வாங்க நின்றார்கள். கல்லாவுக்குப் பின்னால் நாலு அட்டைப்பெட்டிகள் தனித்தனியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அம்மாவின் பெயரைப் பட்டை மார்க்கரில் எழுதியிருந்தார்கள். கிளைட் எனக்கு முன்னால் நின்ற ஆளை அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சரிம்மா. வெர்னா எதச் சொன்னா?"

அதைச் சொல்லத்தான் அம்மா திங்கட்கிழமை வருவதாக இருந்தாள். நான் நாலாவது அட்டைப்பெட்டியைக் கைகாட்டினேன்.